செட்டிநாட்டில் ஒரு நாள்: வீடா, பட்டறையா, கோயிலா, கடைத்தெருவா?

காரைக்குடியில் இறங்கி வாடகைக் கார் பிடித்தால் ஓட்டுநர் கேட்காமலே ஒரு வரிசை சொல்வார். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆயிரம் ஜன்னல் வீடு, கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடி, திருமயம் கோட்டை, திரும்பும் வழியில் பழைய சாமான் கடை. தூரத்தை மட்டும் கணக்குப் போட்டால் ஒரே நாளில் முடியும்தான். எல்லாம் காரைக்குடியைச் சுற்றி 25 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

இடிப்பது கடிகாரம். மதியம் பன்னிரண்டரை, ஒரு மணிக்குள் கோயில் நடை சாத்திவிடுவார்கள், மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் அச்சில் வார்க்கும் வேலை காலையிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். ஆயிரம் ஜன்னல் வீட்டைத் தெருவில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய கானாடுகாத்தான் அரண்மனையும் வெளியாட்களுக்குத் திறப்பதில்லை. ஏழு இடம் என்று கிளம்புகிறவர்கள் அதில் மூன்று நான்கு இடங்களில் பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். "பெரிய பெரிய வீடுகளாக இருந்தது" என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

ஆகவே எதை எடுப்பது, எதை விடுவது என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் பரிந்துரை இதுதான்: ஒரு நாள் மட்டும் என்றால் ஒரு வீடு, ஒரு டைல்ஸ் பட்டறை. இரண்டாவது நாள் கிடைத்தால் கோயில். கடைத்தெரு எந்த நாளிலும் கடைசி. வீட்டை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்த ஊர்களில் பார்க்கக் கிடைக்கும் கல், கதவு, பாத்திரம், பலகாரம், கோயில் திருப்பணி எல்லாமே அந்த வீடுகளை ஒட்டி வந்தவை. நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில் அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு கடைத்தெருவுக்குப் போனால் அங்கே இருக்கும் ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது என்று தெரியும். அதற்கு முன்னால் போனால் அது வெறும் பழைய சாமான்.

வீட்டைப் பார்ப்பது எப்படி

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வீடு ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும். முன்னால் முகப்பும் திண்ணையும். வந்தவரை உட்கார வைத்துக் கொடுக்கல் வாங்கல் பேசிய இடம் அது. கஜலட்சுமி செதுக்கிய நிலைவாசலைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, தூணுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். அதற்கு அடுத்த கட்டு சாப்பாட்டுக்கும் சாமான் வைக்கவும், அதற்கும் பின்னால் அடுப்படியும் கிணறும். முன்வாசலில் நின்றால் கதவு கதவாகப் பின்வாசல் வரை பார்வை போகும். காற்றும் அதே வழியில் போகும்.

அந்த அறைகளைத்தான் பலர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். உள்வீடு, வெளிவீடு என்று ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அறை கொண்ட இரட்டை வீடு, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. கல்யாணமானதும் அவர்களை "வேறு வைத்து" விடுவார்கள். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் அடுப்பு தனி, கணக்கு தனி, தனிக் குடும்பமாக எண்ணும் "புள்ளி"யும் தனி. இதைத் தெரிந்துகொண்டு வளவைச் சுற்றிப் பாருங்கள். அரண்மனை என்ற நினைப்பு போய், பல குடும்பங்கள் ஒழுங்காக ஒட்டி வாழ்ந்த ஒரு வீடு தெரியும். இன்று அந்த அறைகள் பூட்டிக் கிடப்பதற்கும் அதுவே காரணம். ஒரு வீட்டுக்கு இருபது பங்காளி இருந்தால் இருபது பூட்டு. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் வந்து திறப்பார்கள். ஓடு மாற்ற வேண்டுமென்றால் அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். ஒருவர் ஒப்பாவிட்டால் அந்த மழைக்கும் ஒழுகும்.

இவ்வளவு பெரிய வீடுகளுக்குப் பணம் பர்மா, இலங்கை, மலேயாவிலிருந்து வட்டித் தொழிலில் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1930கள் வரை கட்டினார்கள். தேக்கு பர்மாவிலிருந்து, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, பூப்போட்ட சுவர் ஓடு ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தன. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த ஓட்டம் நின்றது. 96 ஊர் என்று சொல்லப்பட்ட செட்டிநாடு இன்று 75 ஊர் அளவில் இருக்கிறது. இதன் ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் உள்ளன. உத்தேசப் பட்டியல் என்பது பரிந்துரை மட்டுமே, பாதுகாப்பு அல்ல. ஆண்டுதோறும் வீடுகள் இடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். முட்டை ஓடு போல வழவழவென்று, வெயில் நேரத்திலும் குளிர்ந்து இருக்கும். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்து அரைத்து, பூச்சுமேல் பூச்சாக ஏற்றி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர் அது. சில சுவர்கள் இடுப்புயரத்துக்குக் கீழே பொரிந்து உதிர்வதையும் பார்ப்பீர்கள். பெரும்பாலும் பின்னாளில் சிமெண்ட் வைத்து ஒட்டுப்போட்ட இடங்களாக இருக்கும். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை மூச்சு விடுவது போல வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும், ஈரம் பக்கத்தில் போய்ப் பொரியும். பழைய வீடு வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றைப் பார்த்துப் போனாலே வந்த செலவு மிச்சம்.

எந்த வீடு?

ஆத்தங்குடிப் பெரிய வீடு என்கிற லட்சுமி விலாஸ் சிறு கட்டணத்தில் திறந்திருக்கும். உத்தரமும் விதானமும் நிறம் மங்காமல் இருக்கின்றன, தரை முழுக்க அந்த ஊர்க் கல், அதாவது ஆத்தங்குடி டைல்ஸ். டைல்ஸ் பட்டறைகள் அதே ஊரில் என்பதால் ஒரு நாள் பயணத்துக்கு இதுதான் சரி. குறையும் உண்டு. படப்பிடிப்பு நடந்தால் மூடிவிடுவார்கள். விடுமுறை நாட்களில் வளவில் ஆள்கூட்டம் இருக்கும்.

கானாடுகாத்தானுக்குப் போவது ஒரு தனி வீட்டுக்காக அல்ல, தெருக்களுக்காக. கோடு போட்டது போல நேரான அகலத் தெருக்கள், இரு பக்கமும் வீட்டின் முகப்புகள், நடுவில் ஊருணி. காவல்காரர் இருந்து திறந்துகாட்டும் வீடுகளும் உண்டு. ஆளுக்கு ஐம்பது, நூறு என்று வாங்கிக்கொள்வார்கள். காலை 7 மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால் போதும். பகல் 11 மணிக்குமேல் நிழலே இல்லாத தெரு அது. ஆத்தங்குடியிலிருந்து காரில் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

மூன்றாவது வழி, விடுதியாக மாறிய வீட்டில் ஓர் இரவு தங்குவது. கானாடுகாத்தானில் விசாலம், செட்டிநாடு மேன்ஷன், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்று சில இருக்கின்றன. செலவு கூடுதல்தான். ஆனால் விடியற்காலையில் வளவுக்குள் வெளிச்சம் இறங்குவதும், ஐப்பசி மழையில் நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டுவதும் டிக்கெட் வாங்கி அரை மணி நேரம் பார்ப்பவருக்குக் கிடைக்காது. இரண்டு அறை எடுக்கும் குடும்பம், மற்ற எல்லாச் செலவையும் குறைத்துக்கொண்டு இதற்குக் கொடுக்கலாம் என்பதே எங்கள் கருத்து.

எந்த வீடானாலும் முந்தின நாள் போன் செய்து திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முகூர்த்த நாட்களில், குறிப்பாகத் தை, ஆவணியில், வீடு வீட்டாருக்கே வேண்டியிருக்கும். வயதானவர்கள் கூட வந்தால் ஒன்று கவனியுங்கள்: தரைமட்டம் தெருவைவிட நன்றாக உயர்ந்திருக்கும், படி ஏற வேண்டும், நிலைப்படிகளும் உயரம். செருப்பை முகப்பிலேயே விட வேண்டும். பகல் 12 மணிக்குமேல் முற்றத்துக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. 10 மணிக்கும் 11:30க்கும் நடுவில் போனால் வளவுக்குள் வெயிலும் இருக்கும், நிழலும் இருக்கும்.

ஆத்தங்குடிப் பட்டறை

வீட்டுக்கு அடுத்தபடியாக ஒன்றே ஒன்று என்றால் இதைத்தான் எடுப்போம். பார்க்கப் பணம் கேட்பதில்லை. வேலை செய்கிறவரின் பக்கத்தில் நின்று பார்க்கலாம். குழந்தைகள் சலிக்காமல் நிற்கும் ஒரே இடமும் இதுதான்.

தரையில் ஒரு கண்ணாடிப் பலகை. அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் தகட்டை வளைத்து ஒட்டிய பூ அச்சு. ஆக்சைடு நிறத்தைச் சிமெண்டில் கரைத்துத் தோசைமாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக வைத்திருப்பார்கள். இதழுக்குச் சிவப்பு, நடுவுக்கு மஞ்சள், மூலைக்குப் பச்சை என்று சிறு கரண்டியால் ஒவ்வொரு குழியாக ஊற்றுவார்கள். பிறகு அச்சை நேர் மேலாகத் தூக்க வேண்டும். கை ஒரு நூல் சாய்ந்தால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும், அந்தக் கல் கழிவு. தூக்கிய கையோடு மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த தூளைத் தூவுகிறார்கள். இது நிறச் சாந்திலிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தூவாமல் கலவையைப் போட்டால் அதன் கனத்தில் நிறம் நெளிந்துவிடும். கடைசியில் ஈரக் கலவையை நிரப்பி, கரணையால் அழுத்தி, மட்டம் பார்த்து ஒதுக்கி வைப்பார்கள். இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊற வேண்டும். எத்தனை நாள் என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். சூளையும் கிடையாது, நெருப்பும் கிடையாது.

கண்ணாடியைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். இவ்வளவு நேரமும் தலைகீழாக வேலை நடந்திருக்கிறது. அடியில் இருந்த முகம்தான் மேல்முகம். பளபளப்பு பாலிஷ் போட்டு வந்ததல்ல, கண்ணாடியின் வழவழப்பு அப்படியே சிமெண்டில் பதிந்தது. கையால் ஊற்றியதால் இரண்டு கல்லில் பூவின் விளிம்பு ஒன்றுபோல இருக்காது. அதைக் குறை என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கல் ஒத்துவராது.

காலை 9 மணிக்குள் போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் தவிர்க்க வேண்டியவை. வேலை நடக்காத பட்டறையில் அடுக்கிய கல்லைத்தான் பார்க்கலாம். அடைமழை நாளிலும் காயவைக்க இடமின்றி வேலை குறைந்திருக்கும்.

வீடு கட்டுகிறவர்கள் பட்டறையை வெறும் வேடிக்கையாகப் பார்க்காமல் கணக்கோடு போக வேண்டும். 8 அங்குலக் கல் சதுர அடிக்கு 2.25, 10 அங்குலக் கல் 1.44, 12 அங்குலக் கல் ஒன்று. 100 சதுர அடி அறைக்கு 10 அங்குலக் கல் 144 வேண்டும். வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 160 என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் அங்குலப் பருமனில் ஒரு கல் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. ஆக ஓர் அறைக்கே 400 கிலோ. கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று வருகிறவர்கள் இதைக் கேட்டுத்தான் திகைப்பார்கள். லாரிச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். அறை முழுவதுக்கும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னும் இருபது கேட்டால் அதே சிவப்பு வராது.

வாங்கும்போது நகத்தால் மூலையைச் சுரண்டிப் பாருங்கள். தூள் வந்தால் தண்ணீரில் போதுமான நாள் ஊறவில்லை. இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மண்ணைத் தட்டியது போல மொத்தையாகக் கேட்கக்கூடாது. நகரத்துக் கடைகளில் "ஆத்தங்குடி டிசைன்" என்று பீங்கான் டைல்ஸ் விற்கிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் தெரிந்துவிடும். அசல் கல்லில் நிறம் தனி அடுக்காக, கண்ணுக்குத் தெரியும் கனத்தில் இருக்கும். மற்றதில் மேலே அச்சடித்த மெல்லிய படலம் மட்டும்.

போட்ட பிறகு கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கல் இல்லை, கொத்தனார்தான். வழக்கமான டைல்ஸ் போடுகிற பழக்கத்தில், இடுக்கை நிரப்பிய சிமெண்டை முகத்தில் காயவிட்டு, அப்புறம் ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். இந்தக் கல்லின் முகமே சிமெண்ட்தான். ஆசிட் அதைத் தின்றுவிடும், பளபளப்பு திரும்பவே வராது. எலுமிச்சை, புளி, மஞ்சள் சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும். ஆகவே அடுப்படிக்கும் குளியலறைக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். கூடம், முற்றத்து ஓரம், பூஜை அறைக்குப் போடுங்கள். முதல் சில வாரம் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம், வெறும் தண்ணீரில் துடைத்துக்கொண்டே வந்தால் நின்றுவிடும். எப்போதாவது துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது இங்கே வீட்டு வழக்கம். நடக்க நடக்கத்தான் இதற்கு மெருகு ஏறும்.

கோயில்கள்

பிள்ளையார்பட்டிக்கு மட்டும் என்றால் அரை நாள் போதும். காரைக்குடியிலிருந்து 12 கிலோமீட்டர் அளவு, திருப்பத்தூர் சாலையில். வழியிலேயே குன்றக்குடி, பஸ் வசதிக்குக் குறைவில்லை. கார் எடுக்காதவர்களுக்கு எல்லா இடங்களிலும் எளிது இதுதான். பிள்ளையார்பட்டியில் குன்றைக் குடைந்த கோயிலுக்குள், பாறையிலேயே செதுக்கிய கற்பக விநாயகர், இரண்டே கையும் வலம்சுழித் தும்பிக்கையுமாக வடக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறார். சங்கடஹர சதுர்த்தியன்று வரிசை சாலைவரை வரும். தரிசனம் முக்கியமா, சிற்பம் முக்கியமா என்று முடிவு செய்து நாளைத் தேர்ந்தெடுங்கள். குன்றக்குடியில் மலை ஏறி முருகனைப் பார்த்துத் திரும்பும் பலர் அடிவாரத்துக் குடைவரைகளைப் பார்க்காமல் போகிறார்கள். கூட்டமே இருக்காது, அவசியம் போங்கள்.

ஒன்பது நகரக் கோயில் என்பது வேறு கணக்கு. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில் (வைரவன்பட்டி), நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. நகரத்தார் ஒவ்வொருவரும் இதில் ஒரு கோயிலைச் சேர்ந்தவர். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுக்கல் வாங்கல் பொதுவாக இல்லை. கல்யாணம் நிச்சயமானால் கோயில் மாலை வர வேண்டும். வளவுக்கு வெளியே இவர்கள் குடும்பங்களைக் கட்டிவைத்த இடங்கள் இவை. பணம் வந்த காலத்தில் வீட்டுக்கு இழைத்த அதே அக்கறையோடு கருங்கல்லில் இவற்றைத் திருப்பணி செய்தார்கள். இரணியூரில் தூணோடு சேர்த்துச் செதுக்கிய ஆளுயரச் சிலைகளின் விரல் நகத்தைப் பாருங்கள், அந்த அக்கறை தெரியும்.

ஒன்பதையும் ஒரே நாளில் முடிப்பதாகப் பேசுவார்கள். காலை 6 மணிக்கு ஆரம்பித்தாலும் நடை சாத்துவதற்குள் ஐந்து ஆறுதான் முடியும், மீதி மாலை 4க்கு மேல். நேர்த்திக்கடனுக்கு அது சரி. கல்லைப் பார்க்க வருகிறவர்கள் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்: காலையில் பிள்ளையார்பட்டி, பக்கத்திலேயே வைரவன்பட்டி, பிறகு கீழச்சிவல்பட்டிப் பக்கம் இரணியூர். மாத்தூரும் இலுப்பைக்குடியும் காரைக்குடிக்கு அருகிலேயே, ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதால் மாலைக்கு வைத்துக்கொள்ள வசதி.

திருமயத்தை இந்தப் பயணத்தில் சேர்ப்பதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். புதுக்கோட்டை வழியாக வருகிறவர்கள் சேர்க்கலாம், சாலையிலேயே இருக்கிறது. 1687இல் சேதுபதி கட்டிய கோட்டையும், அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்தில் பக்கத்தில் குடைந்த கோயில்களும் நல்ல இடங்கள்தான். ஆனால் அது வேறு கதை, வேறு காலம். மற்றவர்கள் இதற்காக 50 கிலோமீட்டர் போய்வந்து வளவில் இருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைத்தெரு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். மேலே சொன்ன இடிபடும் வீடுகளின் உள்ளே இருந்தவையெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம். ரவி வர்மா படம் ஒட்டிய கண்ணாடிச் சட்டம், பெல்ஜியம் கண்ணாடி, பர்மா அரக்குப் பெட்டி, சுவர்க் கடிகாரம், மரப்பாச்சி, எனாமல் அடுக்கு. ஒரு பித்தளைச் சட்டியைக் கையில் எடுத்து விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து இருக்கும். இரண்டு மூன்று தலைமுறைப் பெயர்களின் முதலெழுத்து, அதாவது வீட்டு விலாசம், சில சமயம் பெண்ணின் பெயரும். சீர்வரிசையாகக் கொடுத்த சாமான் அது. பங்கு பிரிக்கும்போது யாருடையது என்று தெரிவதற்காகக் குத்தியது. உண்மையான பழம்பொருளுக்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

போலிகளும் உண்டு. ஆசிடில் கறுக்க வைத்த புதுப் பித்தளை எல்லா இடத்திலும் ஒரே கறுப்பாக இருக்கும். பழையது கைபடும் இடத்திலும் விளிம்பிலும் தேய்ந்து வெளுத்து, இடுக்கில் மட்டும் கறுத்திருக்கும். எனாமலில் அடிப்பக்க முத்திரையைப் பாருங்கள். சுவீடனின் கோக்கும்ஸ் முத்திரை போட்டவை இங்கே நிறையக் கிடைக்கும். விளிம்பு பெயர்ந்து இரும்பு தெரிந்தால் அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு வேண்டாம். சொன்ன விலைக்கு யாரும் வாங்குவதில்லை. பேசுங்கள், இரண்டு கடை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தூண், நிலைக்கதவு, ஜன்னல் சட்டம் ஆகியவற்றை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். முழுத் தேக்குத் தூணுக்குக் கேட்பு இருக்கும்வரை, ஒப்பாத பங்காளிகளின் வீடு நிற்பதைவிடப் பிரிபடுவதுதான் லாபம் என்றாகிவிடும். ஒரு சட்டியோ ஒரு தூக்கோ வாங்குவதால் எந்த வீடும் விழாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சட்டத்தையும் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டைக் கடந்த கலைப்பொருளையும், 75 ஆண்டைக் கடந்த ஏடு, கையெழுத்துப் படிகளையும் தனியார் நாட்டை விட்டு எடுத்துச் செல்ல முடியாது. பழையது போலத் தெரியும் பொருளுக்கு, தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்று கேட்பார்கள். விமான நிலையத்தில் கடைக்காரரின் பில் மட்டும் உதவாது.

பழையது வேண்டாம், இங்கே இன்றும் கையால் செய்வதை வாங்குவோம் என்றால் கண்டாங்கிச் சேலை. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பருத்தி நூல், கட்டம் அல்லது கோடு, அகலக் கரை, அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்பும். விசைத்தறிச் சேலையையும் இதே பெயரில் விற்பார்கள். கரை ஓரத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். தறியில் அகலம் குறையாமல் இழுத்துப் பிடித்த ஊசிகளின் துளைகள் இரு ஓரத்திலும் சீரான இடைவெளியில் தெரிந்தால் கைத்தறிதான். முதல் இரண்டு மூன்று தடவை கல்லுப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்துங்கள். சோற்றுக் கஞ்சி போட்டால் மடிப்பு நிற்கும். பெட்டியில் இடமில்லாதவர்களுக்குப் பனையோலைக் கொட்டான் என்ற சிறு கூடை போதும். கனமில்லை, வீட்டில் தினமும் பயன்படும்.

சாப்பாடு, பலகாரம்

மதியச் சாப்பாட்டை நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காரைக்குடியில் "பங்களா" என்ற விடுதியிலோ மற்ற விடுதி வீடுகளிலோ வாழையிலைச் சாப்பாடு வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்ல வேண்டும், ஒன்றரை மணி நேரம் போகும். கோயில் பூட்டியிருக்கும் மதியத்துக்கு அது பொருத்தம். மெஸ்ஸில் சாப்பிட்டால் அரை மணி நேரம். காரம்தான் செட்டிநாடு என்று எண்ணி வருகிறவர்கள் ஒரு நேரமாவது இனிப்பையும் மாலைப் பலகாரத்தையும் கேட்டுச் சாப்பிட வேண்டும். பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசியைத் தேங்காயும் சர்க்கரையும் நெய்யும் போட்டுக் கிளறியது ஒன்று. வெள்ளைப் பணியாரம் இன்னொன்று.

வெள்ளைப் பணியாரம் நல்லதா என்பது பார்த்த உடனே தெரியும். ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக எவ்வளவு உளுந்து நிற்குமோ அவ்வளவு உளுந்து. இதுதான் அளவு. இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் போல அரைத்து, உப்பும் கொஞ்சம் பாலும் சேர்த்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் அதுவே உப்பி மேலே வரும், ஓரம் சுருக்கம் சுருக்கமாக விரியும். மாவு நீர்த்தால் எண்ணெய் குடிக்கும், கெட்டியானால் ஓரம் விரியாது. மாவு புளித்தால் சிவந்துவிடும். வெள்ளையாக, நடுவில் மெத்தென்று இல்லாவிட்டால் அடுத்த கடை பாருங்கள்.

ஊருக்கு எடுத்துப்போக மனகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், கைமுறுக்கு நன்றாகத் தாங்கும். அதிரசமும் கந்தரப்பமும் தாங்காது. பொட்டலத்தை மோந்து பாருங்கள், பழைய எண்ணெய் வாடை வந்தால் வேண்டாம். என்று சுட்டது என்று கேட்டால் வீட்டில் செய்து விற்கிறவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

போக்குவரத்தில் கடைசியாக ஒன்று. சென்னையிலிருந்து பிற்பகலில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் இரவு காரைக்குடி வந்து சேரும், மறுநாள் காலை 7 மணிக்குக் கானாடுகாத்தான் தெருவில் நிற்கலாம். ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்கள் நடுராத்திரிக்கு மேல் இறக்கிவிடுவதால், அதில் வந்தால் அறையை முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். திரும்பும் பல்லவன் விடியற்காலையில் கிளம்பிவிடும், அந்த நேரத்தில் ஒரு பலகாரக் கடையும் திறந்திருக்காது. பொட்டலத்தை முந்தின நாள் மாலையே கட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.